டிசம்பரில் வா, வள்ளி

உ
சிவமயம்

பள்ளத்தூர்

அன்பு மகள் வள்ளிக்கு அப்பச்சி எழுதுவது. இங்கு நானும் உன் ஆத்தாவும் நல்ல சுகம். அங்கு மாப்பிள்ளை, பேரப்பிள்ளைகள் சுகத்துக்கு எழுது.

ஜூன் லீவுக்கு வருகிறோம், பிள்ளைகளுக்கு வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தைக் காட்ட வேண்டும் என்று போனில் சொன்னாய். கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் ஜூனில் வந்தால் வீட்டைப் பார்க்கலாம், பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் போகலாம், பறவையைப் பார்க்க முடியாது ஆத்தா. அந்த மாதத்தில் பறவை தங்கும் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். டிசம்பரில் வா. சிங்கப்பூரில் அப்போதும் பள்ளிக்கூடம் லீவுதானே.

அது பெரிய இடம் இல்லை. நம் திருப்பத்தூர் தாண்டி மேலூர் போகும் வழியில், பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று மூன்று ஊர்க் கண்மாய்கள். எல்லாம் சேர்ந்தே 38.4 ஹெக்டேர்தான், நம் கணக்கில் 95 ஏக்கர் வரும். அரசாங்கம் 1977ல் சரணாலயமாக அறிவித்தது. மிருகக்காட்சிசாலைக்குப் போகிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைக்காதே. கரையில் நிழலாக ஒரு இடம் பார்த்து, பேசாமல் ஒரு மணி நேரம் நிற்க வேண்டிய இடம் அது.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் வந்து கண்மாய் பெருகும். உள்வாயில் இருக்கும் கருவேல மரங்கள் பாதி உடம்பு தண்ணீருக்குள் நிற்கும். பறவைக்கு வேண்டியது அதுதான். கீழே தண்ணீர், மேலே முள். நாயும் பூனையும் கூட்டுக்குப் போக வழியில்லை. தண்ணீர் சீக்கிரம் வற்றிவிட்டால் தாய்ப்பறவை குஞ்சைப் போட்டுவிட்டுப் போய்விடுவதும் உண்டு. மழை பொய்த்த வருஷத்தில் வருவதே குறைந்துவிடும். ஆகவே டிசம்பரில் வா என்று நான் சொல்வதும் மழையை நம்பித்தான். மரத்தைப் பற்றி இன்னொன்று. பேரன் சீமைக்கருவேலம்தானே என்று கேட்பான். அது வேறு, இது நாட்டுக் கருவேலம். பூ மஞ்சளாக உருண்டையாக இருக்கும்; காய் மணி கோத்ததுபோல் இடுக்கி இடுக்கி இருக்கும். சொல்லிக் கொடு.

நத்தைக்குத்தி நாரைதான் நான் விரும்பிப் பார்ப்பது. உடம்பு வெள்ளை, இறக்கையில் கறுப்பு. அலகை மூடினாலும் நடுவில் சந்து தெரியும். வயலிலும் கண்மாய் ஓரத்திலும் நத்தையைத் தேடிப் பிடித்து, ஓடு கிடக்க உள்ளே இருக்கும் சதையை மட்டும் இழுத்து எடுத்துவிடும். குஞ்சுக்கு அந்தச் சந்து இருக்காது, அலகு நேராக இருக்கும். வளர வளரத்தான் வளையும். கூட்டில் எது குஞ்சு, எது பெரியது என்று பிள்ளைகள் அதை வைத்தே கண்டுபிடிக்கலாம். உச்சி வெயிலில் பார்த்தால் தாயோ தகப்பனோ இறக்கையைப் பாதி விரித்து, குஞ்சின் மேல் நிழல் விழும்படி நிற்கும். வெயில் நகர நகர அதுவும் திரும்பிக்கொள்ளும். எத்தனை நேரம் பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

2019 டிசம்பரில் உங்கள் ஊர் வானத்தில் பெருங்கூட்டமாகப் பறவைகள் சுற்றுகின்றன என்று ஒரு படம் அனுப்பினாயே, அது இதே இனம்தான். தாய்லாந்துப் பக்கம் வறட்சி, இரை தேடித் தெற்கே வந்திருக்கும் என்று அப்போது சொன்னார்கள்.

பாம்புத்தாரா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம், வக்கா எல்லாம் இருக்கும். பாம்புத்தாரா உடம்பைத் தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டு கழுத்தை மட்டும் நீட்டி நீந்தும். கரைக்கு வந்ததும் இறகைக் காயப்போட்டு உட்காரும். சின்னவளுக்கு அது பிடிக்கும்.

கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். பல வருஷமாக அங்கே தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. வெடிச் சத்தத்துக்குப் பறவை கூட்டை விட்டுப் போய்விடும் என்று அவர்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. கோயில் திருவிழாவிலும் வெடி கிடையாது. தீபாவளிக்கு வனத்துறையினர் இனிப்பு கொண்டுவந்து கொடுத்து நன்றி சொல்வார்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில், பக்கத்து ஊரெல்லாம் வெடிக்கும்போது நமக்கு மட்டும் வெடி வேண்டாம் என்று சொல்லிச் சம்மதிக்க வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாதா? அதை ஒரு ஊரே தலைமுறை தாண்டிச் செய்கிறது. சரணாலயத்துக்கு வேலி போடலாம், பலகை வைக்கலாம். சத்தம் போடாத ஊர் வாய்ப்பது அந்தப் பறவைகளின் பாக்கியம் என்றுதான் சொல்வேன். அவர்களுக்கும் பறவை கைமாறு செய்கிறது. எச்சம் விழுந்த தண்ணீர் மடை வழியாக வயலுக்குப் பாயும்போது நல்ல உரம்.

பெரிய பூங்கா ஆக்கிக் கூட்டம் வரவழைத்தால் நம் பக்கத்துக்குப் பேர் கிடைக்கும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. இருக்கும் 95 ஏக்கரும் கண்மாய்தான். அங்கே கடையும் ஸ்பீக்கரும் வந்தால் பறவை எங்கே போகும்? வருகிறவர்கள் வரட்டும், நின்று பார்த்துவிட்டுப் போகட்டும். வரத்துக்காலைத் தூர்வாருவதற்கும் செத்த மரத்துக்குப் பதில் புது மரம் வைப்பதற்கும் காசு செலவழித்தால் அது போதும்.

மாப்பிள்ளையிடம் கேட்டு நாள் பார்த்து டிக்கெட் போடு. காலையில் ஆறு மணிக்கெல்லாம் அங்கே இருக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் நிறையப் பார்க்கலாம். சிவப்பு, மஞ்சள் என்று பளிச்சென்ற சட்டை வேண்டாம். வரும்போது ஒரு பைனாகுலர் வாங்கி வா. எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது போதும். பத்து மடங்கு என்றால் சின்னக் கைகளில் ஆடும், பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது.

அன்புடன்
அப்பச்சி