லோடர் மாட்டுகிறவர்கள் பின் டயரையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஆனைமலைப் பக்கம் தோட்ட வேலைக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. எரு அள்ள, நார்க்கழிவு ஏற்ற, குளத்து வண்டல் கொண்டுவர என்று பலரும் டிராக்டரின் முன்னால் லோடர், அதாவது அள்ளித் தூக்கும் பக்கெட், மாட்டிக்கொள்கிறார்கள். நானும் போன தை மாதம் மாட்டினேன். பட்டறையில் இரண்டு நாள் வேலை. முன்னால் சட்டம், இரண்டு பக்கமும் சிலிண்டர், டிராக்டர் பம்பிலிருந்து ஓஸ், ஓட்டுபவர் கைக்கு எட்டும்படி லிவர். எல்லாம் சரியாகத்தான் செய்தார்கள். ஆனால் பின்பக்கம் எடை ஏற்ற வேண்டும் என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அதனால் என் வீட்டில் ஓர் உயிர் போகப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் எங்கள் எருக்குழி. முந்தின நாள் பெய்த மழையில் எரு ஊறிக் கனத்துக் கிடந்தது. டிப்பரை வாய்க்கால் கரை ஓரமாக நிறுத்தியிருந்தோம். அங்கே தரை ஒரு பக்கம் சாய்வு. என் தம்பி மகன் பக்கெட் நிறைய அள்ளி, டிப்பர் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டே ஸ்டீயரிங்கை ஒடித்தான். மேட்டுப் பக்கத்துப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பிவிட்டது. சாணியும் வைக்கோலும் ஒட்டிய டயர் ஒரு சாண் உயரத்தில் வெறுமனே சுற்றியது. பத்தடி தள்ளி மண்வெட்டியோடு நின்ற நான் "கீழே விடுடா சாமி" என்று கத்தினேன். அவன் லிவரைத் தட்டியதும் பக்கெட் பொத்தென்று இறங்கியது, சக்கரமும் தரைக்கு வந்தது. இன்ஜினை அணைக்கிற குமிழை இழுக்கக்கூட அவன் கையில் வலு இல்லை. நான் ஏறித்தான் அணைத்தேன். எங்கள் டிராக்டரில் தலைக்கு மேல் பாதுகாப்புச் சட்டம் கிடையாது. கவிழ்ந்திருந்தால் அவன் அடியில்தான்.

இதற்குப் பத்து நாள் முன்னால் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஈர எருவைத் தூக்கும்போது பாதியிலேயே பக்கெட் நின்று, வால்வு கிறீச்சென்று கத்தியது. மெக்கானிக் ஒருவர் வந்து, ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு வாஷரைப் போட்டுவிட்டுப் போனார். அப்புறம் எவ்வளவு அள்ளினாலும் தூக்கியது. எங்களுக்கும் சந்தோஷம்தான். அந்த வால்வு எதற்கு இருக்கிறது என்று அப்போது நான் கேட்டிருக்க வேண்டும். பம்பு எவ்வளவு எண்ணெய் தள்ளுகிறதோ அதைப் பொறுத்து பக்கெட்டின் வேகம். எவ்வளவு அழுத்தம் தாங்குகிறதோ அதைப் பொறுத்து தூக்கும் பலம். குறித்த அழுத்தத்தைத் தாண்டினால் எண்ணெயைத் தொட்டிக்கே திருப்பிவிடுவதுதான் ரிலீஃப் வால்வின் வேலை. வாஷர் போட்டு அதை இறுக்கினால் பலம் கூடும். ஆனால் டிராக்டரின் பின்பக்க எடை ஒரு கிலோகூட அதிகரிக்காது. ஓஸும் சீலும் படுகிற பாடு தனி.

கணக்கு எளிதுதான். பக்கெட்டில் 500 கிலோ எரு, அது முன் ஆக்சிலுக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் தொங்குகிறது, முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே இரண்டு மீட்டர் என்று வையுங்கள். சிறுவர்கள் ஆடும் சீசா பலகை மாதிரிதான், முன் ஆக்சில்தான் நடுத் தாங்கல். பின் சக்கரங்களிலிருந்து 375 கிலோ கழன்றுவிடும். அதுவும் சேர்ந்து முன் ஆக்சிலில் 500 அல்ல, 875 கிலோ ஏறும். அந்த முன் ஆக்சிலோ நடுவில் ஒரே ஒரு அச்சாணியில் ஆடும்படி மாட்டப்பட்டது. பக்கவாட்டுச் சாய்வைத் தாங்குவது பின் சக்கரங்கள் இரண்டும்தான். அங்கே எடை குறைந்து, பக்கெட்டும் உயரத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் வாய்க்கால் கரையில் பார்த்தோம்.

மறுநாளே வாஷரைக் கழற்ற வைத்தேன். அடுத்து பஞ்சர் கடைக்காரரைத் தோட்டத்துக்கே கூப்பிட்டு, பின்பக்க எடையைக் கூட்டப் பின் டயர் இரண்டிலும் தண்ணீர் ஏற்றினோம். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, வால்வு வாய் உச்சிக்கு வரும்படி சுற்றி நிறுத்தி, உள்ளே இருக்கிற பின்னைக் கழற்றி, அடாப்டர் வழியாக ஓஸைச் செருகினார். கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் காற்று வெளியே, மறுபடி தண்ணீர் என்று பொறுமையாகப் போனது. வால்வு வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடித்தால் முக்கால் பங்கு நிறைந்தது என்று அர்த்தம். மீதிக் கால் பங்குக்குக் காற்றுதான் இருக்க வேண்டும். முழுக்கத் தண்ணீரை நிரப்பினால் டயருக்கு அமுங்கும் தன்மை போய்விடும், பள்ளத்தில் விழும் அடியெல்லாம் டயரிலும் ரிம்மிலும் இறங்கும். எங்களுடையது 13.6-28 டயர். ஒன்றுக்குச் சுமார் 170 லிட்டர் பிடித்தது. இரண்டும் சேர்ந்து 340 கிலோ, அதுவும் தரையை ஒட்டித் தாழ்வாக. குளிர் நாடுகளில் உறையாமல் இருக்கக் கால்சியம் குளோரைடு கலப்பார்கள். நமக்கு அது வேண்டாம், ரிம்மை அரித்துவிடும். உப்பில்லாத நல்ல தண்ணீர் போதும்.

இன்னொன்று. டயர் தண்ணீர் பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் முன் ஆக்சிலின் சுமையைக் குறைக்காது. சின்ன 6.00-16 முன் டயர்கள் அந்த 875 கிலோவைச் சுமந்துகொண்டுதான் இருக்கும். அதைக் குறைக்க, டிராக்டரின் பின்பக்கம் கலப்பை மாட்டும் மூன்று புள்ளி இணைப்பில் ஒரு கனம் தொங்க வேண்டும். பின் ஆக்சிலுக்கு ஒரு மீட்டர் பின்னால் 300 கிலோ மாட்டினால் முன் ஆக்சிலில் 150 கிலோ குறைகிறது. நாங்கள் இரும்புச் சட்டத்துக்குள் கான்கிரீட் கொட்டி ஒரு கட்டி செய்து மாட்டியிருக்கிறோம். பழைய ஆயக்கட்டு நெல் வயல்களில் சேற்று உழவுக்குப் போகிறவர்கள் தண்ணீரையும் கட்டியையும் எடுத்துவிட்டுப் போங்கள். சேற்றில் அந்தக் கனம் வண்டியைப் புதைத்துவிடும். கொஞ்சம் அலைச்சல்தான், ஆனால் செய்ய வேண்டியதுதான்.

இப்போது தம்பி மகன் பக்கெட்டை முழங்கால் உயரத்தில் வைத்தே ஓட்டுகிறான். டிப்பருக்கு நேராக வந்து நின்ற பிறகுதான் தூக்குகிறான்.

பட்டறைக்காரர்களுக்கு என் வேண்டுகோள்: லோடர் மாட்டிக் கொடுக்கும் அன்றே பின் டயரில் தண்ணீர் ஏற்றி, எத்தனை லிட்டர் என்று பில்லில் எழுதிக் கொடுங்கள். ரிலீஃப் வால்வை இறுக்கச் சொல்லி யார் கேட்டாலும், என்னைப் போன்ற ஆளே கேட்டாலும், மறுத்துவிடுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை அதிகாரிகள் எங்கள் வட்டாரத்தில் ஒரு நாள் வந்து, உண்மையான டிராக்டரை நிறுத்தி, எடை இல்லாமலும் எடையோடும் பக்கெட்டைத் தூக்கிக் காட்டினால் பத்து ஊருக்குப் பயன்படும். என் தோட்டத்தில் இடமும் வண்டியும் தருகிறேன். உங்கள் வேளாண் பக்கத்தில் தண்ணீர் ஏற்றும் முறையைப் படத்தோடு ஒருமுறை போட்டீர்கள் என்றால் பெரிய உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
தென்னை விவசாயி ஒருவர்,
ஆனைமலை வட்டம், கோவை மாவட்டம்.