சர்க்கரையை நிறுத்தச் சொன்ன மகளுக்கு

அன்பு மகளுக்கு,

உன் வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை கேட்டேன். "சர்க்கரைதான் புற்றுநோய்க்குத் தீனி, இன்றோடு நிறுத்து" என்று என்ன ஒரு அதட்டல்! முப்பது வருஷம் வேதியியல் நடத்தியவளுக்கே பாடமா? போனில் பதில் சொன்னால் நடுவில் அழுதுவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ சொல்வதில் பாதி உண்மை. போன வாரம் பெட் (PET) ஸ்கேனுக்குப் போனேனே, உடம்பில் எந்த இடம் குளுக்கோஸை அதிகமாக இழுக்கிறதோ அது படத்தில் ஒளிரும். அன்று காலையிலிருந்து பட்டினி. விரலில் குத்தி சர்க்கரை அளவு பார்த்துவிட்டு, கதிரியக்க ஃபுளோரின் சேர்த்த குளுக்கோஸை நரம்பில் ஏற்றினார்கள். அப்புறம் ஒரு மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும், பேசவும் கூடாது. பேசினால் தொண்டைத் தசை அந்தக் குளுக்கோஸை இழுத்துக்கொண்டு படத்தில் ஒளிருமாம். (உன் அப்பாவுக்கு அந்த ஒரு மணி நேரம் கொண்டாட்டம்.) படத்தில் என் கழுத்துக் கட்டி பளிச்சென்று தெரிந்தது. மூளையும்தான் பளிச்சென்று தெரிந்தது. அதையும் பட்டினி போடவா?

கட்டிக்கு இந்தப் பசி உண்டென்று ஓட்டோ வார்பர்க் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1920களிலேயே கண்டார். ஆக்சிஜன் இருந்தாலும் குளுக்கோஸை முழுதாக எரிக்காமல் லாக்டிக் அமிலமாக்கி வெளியே தள்ளும். பார்த்தால் ஊதாரித்தனம். ஆனால் ஓயாமல் பெருகும் செல்லுக்கு ஆற்றல் மட்டும் போதாது, புது டிஎன்ஏவுக்கும் சவ்வுக்கும் சரக்கு வேண்டும். குளுக்கோஸ் உடைகிற வழியில் அதைப் பொறுக்கிக்கொள்கிறது. வெளியே கொட்டும் அமிலமோ பக்கத்திலிருக்கும் நோய் எதிர்ப்பு செல்களைச் சோர வைக்கிறது.

சரி, நான் சர்க்கரையை விட்டால்? கல்லீரல் தானே குளுக்கோஸ் செய்து ரத்தத்தில் விடும், தேவைப்பட்டால் என் தசையைக் கரைத்தாவது. மெலிவது நான்தான். கீமோ முடியும்வரை எடை குறையக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

பட்டினி வைத்தியமே பொய் என்று சொல்லவில்லை. குறி சரியாக இருக்க வேண்டும். ஒருவகை ரத்தப் புற்றுநோயில் அந்த செல்களுக்கு அஸ்பரஜின் என்ற அமினோ அமிலத்தைத் தேவையான அளவு செய்துகொள்ள வராது, ரத்தத்திலிருந்துதான் எடுத்தாக வேண்டும். அஸ்பரஜினேஸ் ஊசி அதை ரத்தத்திலேயே உடைத்துவிடும். நல்ல செல்கள் பெரும்பாலும் சொந்தமாகச் செய்து சமாளிக்கும். எனக்கு மிகவும் பிடித்த மருந்து அது, எனக்கு அது தேவையில்லை என்றாலும்!

தடுப்பு என்று பேசினால் அது உனக்குத்தான். வார இறுதி பார்ட்டிகள் எனக்குத் தெரியாதென்று நினைக்காதே. உள்ளே போகும் மது அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறி டிஎன்ஏவையே குதறும். நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியா ப்யூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலமாக மாற்றும், பெருங்குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் சாப்பாடு. தட்டில் காய்கறியை ஒதுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை என்று உன் அறைத்தோழி சொன்னாள்.

அடுத்த கீமோ வியாழக்கிழமை. மறுநாள் சாயங்காலம் கூப்பிடு, அன்று நாக்கில் எதுவும் ருசிக்காது, பேச ஆள் வேண்டும்.

அம்மா