பங்க் நோட்டில் இருந்து ஒரு கணக்கு

நாமக்கல்,
மே 2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்கு நான் வாய் திறப்பதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கி மாவடுக் கதைக்குப் போய்விட்டாள். அதனால் எழுதுகிறேன். "கச்சா எண்ணெய் அறுபது டாலர் பக்கம் வந்துடுச்சு, இங்க ஹூஸ்டன்ல பெட்ரோல் கேலன் மூணு டாலருக்குக் கீழ போடறாங்க, நம்மூர்ல மட்டும் லிட்டர் நூறு ரூபாயை விட்டு இறங்க மாட்டேங்குதே, பங்க்காரங்க கொள்ளை அடிக்கிறாங்களாப்பா?" என்று கேட்டாய். முதல் பாதிக்கு எனக்குக் கோபம் இல்லை. கடைசி வரிதான் சுருக்கென்றது. அந்தப் பங்க் கல்லாவில் 28 வருஷம் உட்கார்ந்துதான் உன்னைக் கவுன்சிலிங் வரைக்கும் கூட்டிப்போனேன்.

நீ கேட்டதையே லாரிக்காரர்கள் இன்னும் கொஞ்சம் காரமாகக் கேட்டிருக்கிறார்கள். 2014 கடைசியில் கச்சா எண்ணெய் சரசரவென்று இறங்கிய சமயம். போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருந்த திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர் பேப்பரைக் கொண்டுவந்து கல்லா மேல் விரித்து, "இதைப் படிச்சுட்டு அப்புறம் பில்லைப் போடு" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. கடையில் நிற்பவனுக்குத் தான் விற்கிற சரக்கின் விலை ஏன் அப்படி என்று தெரியவில்லை என்பது அன்றைக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. அப்போது வாங்கியதுதான் அந்த நீல அட்டை நோட்டு. நீ "அப்பாவோட டைரி" என்று கேலி செய்வாயே, அதில் இருப்பதெல்லாம் எண்ணெய் விலைதான்.

கணக்கு எளிது. ஒரு பீப்பாய் என்றால் 159 லிட்டர். டாலர் விலையை ரூபாயாக்கி 159ஆல் வகுத்தால் ஒரு லிட்டர் கச்சா எண்ணெயின் விலை வந்துவிடும். 2014 ஜூனில் பீப்பாய் 110 டாலர், டாலர் 60 ரூபாய். லிட்டர் சுமார் 41 ரூபாய். 2016 ஜனவரியில் பீப்பாய் 30 டாலருக்கும் கீழே போனது. லிட்டர் 12, 13 ரூபாய். கிட்டத்தட்ட 28 ரூபாய் இறங்கியிருக்கிறது இல்லையா? டெல்லியில் பெட்ரோல் 71 ரூபாய்ச் சில்லறையில் இருந்து 59க்கு வந்தது. அவ்வளவுதான். மிச்சம் எங்கே என்று தேடினால், 2014 நவம்பரில் இருந்து 2016 ஜனவரிக்குள் மத்திய அரசு கலால் வரியை 9 முறை ஏற்றியிருந்தது. பெட்ரோலுக்கு லிட்டருக்கு மொத்தம் 11 ரூபாய் 77 காசு. டீசலுக்கு 13 ரூபாய் 47 காசு. கச்சா எண்ணெய் இறங்க இறங்க வரி ஏறிக்கொண்டே வந்ததால், பங்க்கில் நிற்பவனுக்கு இரண்டும் தெரியவில்லை. விலை ஏறவில்லையே என்று அவன் சும்மா இருந்துவிட்டான். வரி போடுவதற்கு இதைவிட நல்ல நேரம் எந்த அரசுக்கும் கிடைக்காது.

2020 இன்னும் வேடிக்கை. ஊரடங்கில் சேலம் ரோட்டில் நாய் மட்டும்தான் நடந்தது. ஏப்ரலில் இந்தியா வாங்கும் கச்சா எண்ணெயின் சராசரி விலை பீப்பாய்க்கு 20 டாலர். லிட்டர் பத்து ரூபாய்கூட இல்லை. பஸ் ஸ்டாண்டில் விற்கிற தண்ணீர் பாட்டில் இருபது ரூபாய். உங்கள் ஊர் எண்ணெய் ஒரு நாள் மைனஸ் 37 டாலருக்குப் போனதே, நீகூட அன்றைக்குப் போன் பண்ணி "எடுத்துட்டுப் போறவனுக்குக் காசு குடுக்கறாங்கப்பா" என்று சிரித்தாய். சென்னையில் அன்றைக்குப் பெட்ரோல் 72 ரூபாய் 28 காசு. அசையவே இல்லை. மே மாதம் முதலில் நம் மாநில அரசு வாட் வரியை ஏற்றியது, லிட்டருக்கு 3 ரூபாய்ச் சில்லறை. இரண்டு நாள் கழித்து மத்திய அரசு பெட்ரோலுக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய் ஏற்றியது. அந்தப் பத்து ரூபாய் விலைப் பலகையில் தெரியவே இல்லை. இறங்க வேண்டிய விலைக்குள்ளேயே அதை அடக்கிவிட்டார்கள். அப்போது கலால் வரி மட்டும் லிட்டருக்கு 32 ரூபாய் 98 காசு. எண்ணெய் விலை திரும்ப ஏறியதும், ஜூன் 7ஆம் தேதியில் இருந்து பலகையும் தினமும் ஏற ஆரம்பித்தது.

அதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. மத்திய வரியில் மாநிலங்களுக்குப் பங்கு உண்டு என்று படித்திருப்பாய். ஆனால் அடிப்படைக் கலால் வரியில்தான் பங்கு. செஸ், கூடுதல் வரி என்று வேறு பெயரில் வருவதில் கிடையாது. 2021இல் இருந்து பெட்ரோலுக்கு அந்த அடிப்படை வரி வெறும் 1 ரூபாய் 40 காசு. அதில் 41 சதவீதம்தான் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. அதாவது 57 காசு. மாநிலங்கள் தங்கள் வாட் வரியை விட மாட்டேன் என்று இறுக்கிப் பிடிப்பதற்கு இது ஒரு காரணம். பெட்ரோல் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வராமல் இருப்பதற்கும்தான். அதில் இரண்டு பக்கமும் ஒற்றுமை!

சரி, இன்றைக்கு வருவோம். இப்போது சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய்ச் சில்லறை. நமக்கு அதற்கு மேல் கொஞ்சம். கச்சா எண்ணெயை 64 டாலர், டாலரை 85 ரூபாய் என்று வைத்துப் போட்டுப் பார். லிட்டர் 34 ரூபாய்தான். மத்திய வரி 21 ரூபாய் 90 காசு. மாநில வாட் 13 சதவீதமும் அதன் மேல் 11 ரூபாய் 52 காசும். சேர்த்தால் அதுவும் கிட்டத்தட்ட அவ்வளவே. இரண்டும் சேர்ந்து 40 ரூபாயைத் தாண்டும். மிச்சத்தில்தான் சுத்திகரிப்பு, கப்பல், குழாய், டேங்கர் வாடகை, கம்பெனி லாபம், பங்க் கமிஷன் எல்லாம். பங்க்குக்கு வருவது நாலு ரூபாய் பக்கம். அதில்தான் கரன்ட் பில், ஆவியாகிற நஷ்டம், பையன்கள் சம்பளம்.

நாளைக்கே கச்சா எண்ணெய் பாதியாக இறங்கி, அதை ஒரு பைசா விடாமல் நமக்கே கொடுத்தாலும் 17 ரூபாய்தான் குறையும், வாட்டில் இன்னும் ஒன்றிரண்டு. பாதி விலைக்கு வராது. மத்திய வரி லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று இருப்பது. எண்ணெய் மலிந்தாலும் அது மலியாது. உங்கள் ஊரில் கேலனுக்கு மத்திய வரி 18.4 சென்ட், டெக்சாஸ் வரி 20 சென்ட். அதுவும் மத்திய வரியை 1993இல் இருந்து ஏற்றவே இல்லை. விலையில் பெரும்பங்கு எண்ணெயே என்பதால், எண்ணெய் அசைந்தால் பங்க் பலகையும் அசைகிறது. போன மாதம் இங்கே என்ன ஆனது தெரியுமா? எண்ணெய் இறங்கிய நேரம் பார்த்து, ஏப்ரல் 8ஆம் தேதி லிட்டருக்கு 2 ரூபாய் கலால் ஏற்றினார்கள். விலை மாறவில்லை. பால்காரர்கூடப் பேசவில்லை.

வரி மட்டும்தான் காரணம் என்று நான் சொன்னால் அதுவும் பொய். நீ ஹூஸ்டன் போன புதிதில், 2017 ஆகஸ்டில், ஹார்வி புயல் வந்ததே. உங்கள் தெருவில் படகு போன படத்தைப் பார்த்து உன் அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அந்த வாரம் நோட்டில் ஒரு விசித்திரம் எழுதி வைத்திருக்கிறேன்: கச்சா எண்ணெய் இறங்கியது, பெட்ரோல் ஏறியது. அந்தக் கடற்கரையில் இருந்த சுத்திகரிப்பு ஆலைகள் வெள்ளத்தில் மூடிவிட்டன. அரைக்க ஆலை இல்லாதபோது நெல் மலிந்து அரிசி ஏறுகிற மாதிரிதான். நம் எண்ணெய்க் கம்பெனிகளும் கச்சா எண்ணெயைப் பார்த்து விலை போடுவதில்லை; வெளிநாட்டுச் சந்தையில் சுத்திகரித்த பெட்ரோல் என்ன விலை என்பதைப் பார்த்துத்தான் போடுகின்றன. அதோடு டாலர். 2014இல் 60 ரூபாயாக இருந்தது இன்றைக்கு 85. அதே விலை எண்ணெய்க்கு நாம் நாற்பது சதவீதம் கூடுதலாகக் கொடுக்கிறோம்.

மாப்பிள்ளை போன தடவை வந்தபோது திண்ணையில் உட்கார்ந்து ஒன்று சொன்னார். பெட்ரோல் விலை ராக்கெட் மாதிரி ஏறும், இறகு மாதிரி இறங்கும் என்று 1991இலேயே இங்கிலாந்தில் ஒரு பொருளாதார அறிஞர் எழுதியிருக்கிறாராம். ஏறும்போது ஜனங்கள் நாலு பங்க் விசாரிப்பார்கள், இறங்கும்போது விசாரிக்க மாட்டார்கள், அதனால் பங்க்காரன் மெதுவாக இறக்குவான் என்றார். உங்கள் ஊருக்கு அது சரியாக இருக்கலாம். அங்கே பங்க்காரனே பலகையை மாற்றுகிறான். இங்கே விலை காலை ஆறு மணிக்குக் கம்பெனியில் இருந்து வரும், பங்க்காரன் அதில் கை வைக்க முடியாது. நம்மூரில் இறகு இறங்கத்தான் செய்கிறது, வழியில் யாரோ பிடித்து வைத்துக்கொள்கிறார்கள்.

பிடிப்பவர் எப்போதும் அரசு இல்லை, கம்பெனியும்தான். 2017 ஜூனில் இருந்து தினமும் விலை மாறும் என்றார்கள். தேர்தல் வந்தால் அந்தத் தினம் காணாமல் போய்விடும். உத்தரப் பிரதேசத் தேர்தல் சமயத்தில் 2021 நவம்பரில் இருந்து 2022 மார்ச் வரை 137 நாள் ஒரே விலை. ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது. 2022இல் உக்ரைன் போரில் எண்ணெய் 120 டாலர் பக்கம் போனபோது கம்பெனிகள் முழுவதையும் நம் தலையில் ஏற்றவில்லை. அந்த நிதியாண்டின் முதல் பாதியில் மூன்று பொதுத்துறைக் கம்பெனிகளும் சேர்ந்து 21,000 கோடிக்கு மேல் நஷ்டப்பட்டன. அப்புறம் எண்ணெய் இறங்கியது, பலகை இறங்கவில்லை. 2023-24இல் அதே மூன்றும் சேர்ந்து 81,000 கோடி பக்கம் லாபம் எடுத்தன. நஷ்டத்தை ஈடுகட்டுகிறோம் என்றார்கள். ஈடுகட்டி முடிந்த நாளை யாரும் சொல்லவில்லை. 2024 மார்ச்சில், மக்களவைத் தேர்தலுக்கு முன்னால், 2 ரூபாய் குறைத்தார்கள்.

இப்போது உன் கடைசி வரிக்கு வருகிறேன். 2021 தீபாவளி. லீவு நாள் வருகிறதே என்று முதலாளி முன்பணம் கட்டி சங்ககிரியில் இருந்து லோடு இறக்கி வைத்திருந்தார். டீசல் தொட்டி நிறைய, பெட்ரோல் தொட்டி முக்கால். தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி டிவியில் செய்தி: பெட்ரோலுக்கு 5, டீசலுக்கு 10 ரூபாய் கலால் குறைப்பு, விடிந்தால் அமல். ஊரே பட்டாசு வெடித்தது. நாங்கள் இரண்டு பேரும் டார்ச் அடித்துத் தொட்டியில் டிப் ராடு விட்டு அளந்துகொண்டிருந்தோம். பழைய வரி கட்டி வாங்கிய சரக்கைப் புது விலைக்கு விற்றதில் ஒரே ராத்திரியில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, எண்ணெய்க் குளியலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார். விலை ஏறும் நாட்களில் தொட்டியில் கிடக்கும் சரக்கில் அவருக்கு லாபமும் வந்திருக்கிறது, அதையும் நான்தான் எழுதினேன். ஆனால் ஏற்றியதும் இறக்கியதும் அவர் கை இல்லை.

அந்தத் திருச்செங்கோட்டுக்காரரைப் போன மாதம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். ரிக்கை விற்றுவிட்டாராம். நோட்டில் இருந்த 2016 கணக்கை நினைவிலிருந்தே சொன்னேன். சாம்பாரை ஊற்றிக்கொண்டே கேட்டுவிட்டு, "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா உன்னைத் திட்டியிருக்க மாட்டனே" என்றார்.

உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். வாரா வாரம் திங்கட்கிழமை நீ போடுகிற பங்க்கில் பலகை விலையை எனக்கு அனுப்பு. நான் இந்தப் பக்கம் நம்மூர் விலையையும் கச்சா எண்ணெய் விலையையும் எழுதி வருகிறேன். வருஷம் முடிந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பேரனிடம் எழுதச் சொன்னாலும் சரி, அப்புச்சிக்கு என்றால் செய்வான். கேலனை லிட்டராக்குகிறேன் என்று அவன் குழப்ப வேண்டாம். கேலனிலேயே எழுதச் சொல், 3.785ஆல் நான் வகுத்துக்கொள்கிறேன்.

மாவடு அடுத்த வாரம் பார்சலில் வருகிறது.

அன்புடன்,
அப்பா