புக்க மூடி வெச்சுட்டு எழுதிப் பாக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். பரீட்சை சமயத்துல பிள்ளைங்க ஒரே பாடத்த திரும்பத் திரும்ப படிச்சே களைச்சுப் போறத பாத்தா மனசு கஷ்டமா இருக்கு, அதான் எழுதுறேன். என் பொண்ணு பக்கம் முழுக்க மஞ்சள் ஹைலைட்டர் அடிச்சு வெச்சிருப்பா, எல்லாம் தெரியும்னுவா, புக்க மூடிட்டு கேட்டா ரெண்டாவது வரியிலயே நின்னுடுவா. 2006-ல ரோடிகர், கார்ப்பிக்னு ரெண்டு சைக்காலஜி ஆராய்ச்சியாளர்கள் காலேஜ் பசங்கள வெச்சு இத டெஸ்ட் பண்ணிப் பாத்தாங்க, அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டப்போ திரும்ப படிச்சவங்கதான் முன்னாடி இருந்தாங்க, ஆனா ஒரு வாரம் கழிச்சு அவங்களுக்கு 42 சதவீதம்தான் ஞாபகம் இருந்துச்சு, பாக்காம எழுதிப் பாத்தவங்களுக்கு 56. படிச்ச உடனே எல்லாம் வந்துட்ட மாதிரி தோணுறதுலதான் நாம ஏமாந்துடுறோம்.

இப்போ அவ வெள்ளைப் பேப்பர்ல ஞாபகம் வந்தத எழுதிட்டு, விட்டத மட்டும் சிவப்புப் பேனால சேக்குறா. பழக்கமாக நாளாகும்தான், லண்டன்ல நடந்த ஒரு ஆய்வுல ஒரு பழக்கம் படிய சராசரியா 66 நாள் ஆச்சு, நடுவுல ஒரு நாள் விட்டாலும் பெருசா பாதிக்கல. ஸ்கூல்லயும் மார்க் போடாத குட்டி டெஸ்ட் அடிக்கடி வெக்கணும், உங்க பேப்பர்ல பெத்தவங்களுக்காக இதப்பத்தி விரிவா ஒரு கட்டுரை போடுங்க.