தயக்கம் என்று எழுதினீர்களே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வகுப்பறைத் தொழில்நுட்பம் பற்றிச் சென்ற வாரம் தங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். உழைத்து எழுதியிருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கிராமத்துத் தொடக்கப்பள்ளிகளில் அது வேர்விடாததற்கு ஆசிரியர்களின் தயக்கமே முதல் காரணம் என்று போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்த இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சித்தேரி மலையடிவாரத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் 1989 முதல் 2023 வரை வேலை பார்த்தவள் நான். நாங்கள் எதற்குத் தயங்கினோம் என்று தாங்களே சொல்லுங்கள். பள்ளிகளுக்குக் கற்பித்தல் பொருள்கள் தந்த கரும்பலகைத் திட்டத்தில் வந்த உலக உருண்டையைப் பீரோவில் பூட்டாமல் பிள்ளைகள் கையில்தான் கொடுத்தோம். 2007இல், பிள்ளைகள் பாட அட்டைகளை வைத்துத் தாமே படித்து முன்னேறும் செயல்வழிக் கற்றல் வந்தது. நாற்காலியை ஓரமாகப் போட்டுவிட்டு, நாற்பத்து நாலு வயதில் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். பிள்ளையே வந்து தன் வருகையைக் குறிக்கும், அன்று வெயிலா மழையா என்று குறிக்கும், பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படி வரைபடத்தில் தன் இடத்தைப் பார்த்து அட்டையை எடுத்துக்கொள்ளும். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுக்க வந்த முறை அது. அப்போது தங்கள் இதழில், வாத்தியார்கள் பாயில் உட்கார்ந்து பொழுது போக்குகிறார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் மறுத்து எழுதிய கடிதம் வெளிவரவில்லை. தேர்வு முடிவு வந்தால் யார் படம் முதல் பக்கத்தில் வருகிறது, எந்தப் பள்ளியின் விளம்பரம் உள்ளே வருகிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். அதையெல்லாம் இதுவரை கேட்டதில்லை.

2018இல் புதிய பாடநூலில், போனில் காட்டினால் பாடக் காட்சி ஓடும் க்யூஆர் கோடு வந்ததும் என் சொந்தப் போனில், சொந்த ரீசார்ஜில்தான் காட்டினேன். உள்ளங்கையளவு திரையைச் சுற்றிப் பதினெட்டுத் தலைகள். பின்னால் நின்றவனுக்குப் பாட்டு மட்டும் கேட்டது.

கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளி 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் அப்பாக்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். அப்பா போனால் போனும் போய்விடும். வீட்டில் ஆயாவும் பிள்ளையும்தான். அப்பா ஊருக்கு வந்த நாட்களில் இரவு ஒன்பதரை மணிக்கு வாட்ஸ்அப்பில் நோட்டுப் படம் வரும். பாதியில் கட்டை விரல் மறைத்திருக்கும், மீதி சிமினி வெளிச்சத்தில் மங்கியிருக்கும். அதை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துத் திருத்தி அனுப்பியிருக்கிறேன். அந்த நாட்களில் அந்த ஆயாக்களுக்குக் கைகொடுத்தது 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிதான். தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிற வீட்டுத் திண்ணையில் நாலு வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து பார்த்தார்கள்.

2022இல், சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்பிக்க ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கேற்ற பாடம். மனதார வரவேற்றேன், இன்றைக்கும் வரவேற்கிறேன். ஆனால் மதிப்பீட்டைச் செயலியில்தான் ஏற்ற வேண்டும். ஒரு நாள் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி என் முன்னால் நின்று ‘படகு’ என்று சரியாகப் படித்தாள். திரையில் வட்டம் சுற்றியது, செயலி மூடிக்கொண்டது. மறுபடி திறந்து மறுபடி படிக்கச் சொன்னேன். படித்தாள். மறுபடியும் மூடிக்கொண்டது. மூன்றாம் முறை கேட்டதும் என் முகத்தைப் பார்த்தாள். குரல் இறங்கி, ‘பலகையா டீச்சர்?’ என்றாள். டீச்சர் திரும்பத் திரும்பக் கேட்டால் நாம் சொன்னது தப்பு என்றுதானே அந்தக் குழந்தைக்குத் தெரியும்? தெரிந்த எழுத்தை அவளை மறக்க வைத்தவள் நான்தான் என்று இன்றும் மனது அறுக்கிறது. செயலியில் எது பதிவாயிற்று என்பது கூட நினைவில்லை.

வருகைப் பதிவும் இப்படித்தான். சிக்னலுக்காகப் போனைத் தூக்கிக்கொண்டு புளியமரத்தடிக்குப் போவேன். ஐந்து வகுப்பும் உடன் பணிபுரிந்த ஒருவர் தலையில் விழும். பிள்ளை கற்பதற்காக வந்த கருவி கொஞ்சம் கொஞ்சமாக மேலே கணக்கு அனுப்புவதற்கான கருவியாக மாறிவிட்டது, ஐயா. எங்களைத் தேய்த்தது அந்த மாற்றம். அதைத் தயக்கம் என்று எழுதலாமா? 2024இல் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி வந்ததாகப் படித்து மகிழ்ந்தேன். அதிலும் முதல் வேலை பாடம் நடத்துவதாக இருக்க வேண்டும். விவரம் ஏற்றுவதை மாலையில் வைத்துக்கொள்ள முடியாதா? இதைத் தங்கள் கட்டுரையாளர் ஒரு வரி கேட்டிருக்கலாம்.

பழையதைக் கிளறி நீட்டிவிட்டேன், பொறுத்தருள்க. தங்களிடம் கேட்பது ஒன்றுதான். தங்கள் இதழ் எங்கள் ஊர் டீக்கடைக்குத் தினமும் வருகிறது. கல்வித் தொலைக்காட்சியில் எந்த வகுப்புப் பாடம் எத்தனை மணிக்கு என்ற அட்டவணையை வாரம் ஒரு முறை, ஞாயிறன்று, ஆயாக்களும் படிக்கிற மாதிரி கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். நான்கு அங்குல இடம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை,
அரூர், தருமபுரி மாவட்டம்.