காரணத்தையும் எழுதுங்கள்: அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் அவர்களுக்கும் மற்ற எட்டு நீதிபதிகளுக்கும்,

வணக்கம். இந்த மடல் உங்கள் மேசைக்கு வந்து சேராது என்று தெரியும். தமிழில் வேறு எழுதுகிறேன். ஆனால் உங்கள் உத்தரவுகளின் கீழ் வாழ்கிற தமிழர்கள் இந்த நாட்டில் நிறையப் பேர் இருக்கிறோம். அவர்களாவது படிக்கட்டும்.

2025 செப்டம்பர் 8 அன்று, லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நடக்கும் குடிவரவுச் சோதனைகள் பற்றி ஓர் உத்தரவு போட்டீர்கள். ஒருவருடைய இனம், அவர் ஸ்பானிஷ் பேசுவது அல்லது ஆங்கிலத்தை வேற்று உச்சரிப்போடு பேசுவது, நிற்கிற இடம், பார்க்கிற வேலை, இவற்றை மட்டும் வைத்து ஆளை நிறுத்தி விசாரிக்கக் கூடாது என்று கீழமை நீதிமன்றம் சொல்லியிருந்தது. அரசின் அவசர மனுவை ஏற்று, வழக்கு முடியும்வரை அந்தத் தடையை நீங்கள் நிறுத்திவைத்தீர்கள். ஏன் என்பதற்கு நீதிமன்றத்தின் பெயரில் ஒரு வரிகூட இல்லை. நீதிபதி கேவனா தன் கருத்தைத் தனியாக எழுதினார். நீதிபதி சோட்டோமேயர் மாறுபட்டு எழுத, கேகனும் ஜாக்சனும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். மீதி ஐந்து பேர் என்ன நினைத்தீர்கள் என்பது உங்களுக்குத்தான் வெளிச்சம். எங்கள் ஆங்கிலத்திலும் மதுரையோ யாழ்ப்பாணமோ எட்டிப் பார்க்கும். அதனால் எங்களுக்கு இது எங்கோ யாருக்கோ நடக்கிற வழக்கு இல்லை.

அந்த உத்தரவு சரியா தப்பா என்று இங்கே வாதாடப் போவதில்லை. எனக்கு ஒரு கருத்து உண்டு, அது கிடக்கட்டும். காரணம் சொல்லாமல் விட்டதுதான் என் புகார். உங்களிடம் படை இல்லை, கருவூலம் இல்லை. உங்கள் நாற்காலியில் முன்பு உட்கார்ந்தவர்கள் இந்த நாட்டின் சட்டத்தைத் திருப்பிப் போட்டது எழுதிவைத்த காரணங்களைக் கொண்டுதான். தோற்ற பக்கத்தில் நின்று எழுதியவர்களும் அதில் அடக்கம்.

ஹார்லனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1896-ல் பிளெஸ்ஸி வழக்கு. ரயிலில் கறுப்பருக்குத் தனிப்பெட்டி என்ற லூசியானா சட்டம் செல்லும் என்று ஏழு நீதிபதிகள் சொன்னார்கள். ஜான் மார்ஷல் ஹார்லன் ஒருவர் மட்டும் செல்லாது என்றார். இத்தனைக்கும் அவர் கென்டக்கிக்காரர், அடிமைகளை வைத்திருந்தவர், அடிமைமுறையை ஒழித்த பதின்மூன்றாவது திருத்தத்தை ஒரு காலத்தில் எதிர்த்தவர். நம் அரசமைப்பு நிறம் பார்க்காது என்று அவர்தான் எழுதினார். அன்றைக்கு அந்த எழுத்தால் யாருக்கும் எந்தப் பலனும் கிடைக்கவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, பள்ளிகளில் இனப்பிரிவினையை எதிர்த்து வழக்கு மேல் வழக்காக நடத்திக்கொண்டிருந்த தர்குட் மார்ஷல், மனம் சோர்ந்த நேரங்களில் அந்த மாறுபட்ட தீர்ப்பை எடுத்து வாய்விட்டுப் படிப்பாராம். அவரோடு வேலை பார்த்த கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி இதைச் சொல்லியிருக்கிறார். 1954-ல் பிரவுன் வழக்கில் ஒன்பது பேரும் ஒருமனதாகப் பள்ளிப் பிரிவினை செல்லாது என்றார்கள்.

ஹார்லனை நான் கோயில் கட்டிக் கும்பிடவில்லை. அதே தீர்ப்பில் சீனர்களைப் பற்றி அவர் எழுதிய பத்தியைப் படித்தால் முகம் சுளிக்கும். இரண்டு ஆண்டு கழித்து, சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் அமெரிக்கக் குடிமகனே என்று பெரும்பான்மை தீர்ப்பளித்தபோது, ஹார்லன் எதிர்ப்பக்கத்தில் இருந்தார். எல்லாம் அவர் பெயரிலேயே பதிவாகியிருக்கிறது. அதனால்தான் எதை எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று பின்னால் வந்தவர்களால் முடிவுசெய்ய முடிந்தது.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்றும் உங்கள் நீதிமன்றத்திலேயே இருக்கிறது. 1927-ல் பக் எதிர் பெல் வழக்கு. வர்ஜீனியாவைச் சேர்ந்த கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குப் புத்தி மட்டு என்று முத்திரை குத்தி, அவருடைய விருப்பம் இல்லாமலே கருத்தடை செய்ய அரசு கிளம்பியது. எட்டு நீதிபதிகள் சரி என்றார்கள். பெரிய மேதை என்று பேரெடுத்த ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ்தான் அந்தத் தீர்ப்பை எழுதினார், அதுவும் சில பத்திகளில். மூன்று தலைமுறை மூடர்கள் போதும் என்ற அந்தக் கேவலமான வரி அதில்தான் வருகிறது. பியர்ஸ் பட்லர் என்ற நீதிபதி ஒருவர் மட்டும் உடன்படவில்லை. ஏன் உடன்படவில்லை? தெரியாது. நீதிபதி பட்லர் மாறுபடுகிறார் என்ற குறிப்போடு முடிந்தது. அவர் கத்தோலிக்கர், அதனால் இருக்கும் என்று இன்றுவரை ஊகம்தான் செய்கிறார்கள். அமெரிக்காவில் இப்படிச் சட்டத்தின் பெயரால் கருத்தடை செய்யப்பட்டவர்கள் 60,000 பேருக்கும் மேல். பட்லர் எழுதியிருந்தால் இது நின்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடுத்தடுத்து வாதாட வந்த வக்கீல்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பாவது இருந்திருக்கும். பக் வழக்கின் தீர்ப்பை உங்கள் நீதிமன்றம் இன்றுவரை வெளிப்படையாக ரத்து செய்யவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மோசமான காரணமாக இருந்தாலும் எழுதிவைப்பது நல்லது என்பதற்கு எங்கள் பக்கத்துக் கதை ஒன்று உண்டு. 1922 நவம்பரில் நீதிபதி ஜார்ஜ் சதர்லாந்து (அவரே இங்கிலாந்தில் பிறந்து இங்கே குடிவந்தவர்) ஒரு ஜப்பானியருக்குக் குடியுரிமை இல்லை என்றார். குடிவந்தவர்களில் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டுமே குடியுரிமை என்பது அன்றைய சட்டம். வெள்ளையர் என்றால் காகசிய இனத்தவர் என்று அதற்கு விளக்கம் தந்தார். சரி, இந்தியர்களைக் காகசியர் என்றுதானே அறிஞர்கள் வகைப்படுத்துகிறார்கள் என்று, அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பஞ்சாபியரான பகத் சிங் திந்த் கேட்டார். 1923 பிப்ரவரியில் அதே சதர்லாந்து, அறிஞர்கள் சொல்வது முக்கியமில்லை, சாதாரண மனிதன் வெள்ளையர் என்று யாரை நினைக்கிறானோ அதுதான் கணக்கு என்று எழுதினார். மூன்று மாதத்தில் தலைகீழ்! இந்தியர் பலருடைய குடியுரிமை அதனால் பறிபோனது. 1946-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத்தான் அந்தக் கதவு திறந்தது. ஆனால் இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிற எவருக்கும் சதர்லாந்தின் முரண்பாடு பளிச்சென்று தெரியும். வெறும் உத்தரவாக இருந்திருந்தால் அந்தக் குட்டு உடைந்திருக்காது.

தலைமை நீதிபதி அவர்களே, இதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜப்பானிய அமெரிக்கர்களை வெளியேற்றியது செல்லும் என்ற 1944-ஆம் ஆண்டு கோரமட்சு தீர்ப்பு, சொன்ன நாளிலேயே மிகத் தவறானது என்று 2018-ல் எழுதியவர் நீங்கள்தான். அதற்கு அரசமைப்பில் இடமில்லை என்று சொல்ல, அந்த வழக்கில் தோற்ற பக்கத்தில் நின்ற ராபர்ட் ஜாக்சனின் சொற்களைத்தான் மேற்கோள் காட்டினீர்கள். 74 ஆண்டு கழித்து உங்களுக்கு உதவ ஜாக்சன் அதை எழுதிவைத்திருந்தார்.

அவசர மனுவில் எழுத நேரம் ஏது என்பீர்கள். 1971-ல் வியட்நாம் போர் பற்றிய ரகசிய ஆவணங்களை நியூயார்க் டைம்ஸ் வெளியிடுவதைத் தடுக்க அரசு வந்து நின்றது. ஜூன் 26 வாதம், ஜூன் 30 தீர்ப்பு. ஒன்பது பேரும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். அவர்களில் ஒருவர் முதல் ஹார்லனின் பேரன், அதே பெயர் கொண்டவர். பார்வை ஏறக்குறைய போய்விட்ட நிலை. இவ்வளவு அவசரம் கூடாது என்று கடிந்துகொண்டார், கடிந்துகொண்டே எழுதியும் கொடுத்தார்.

இன்னொரு வாதமும் உண்டு. வழக்கை முழுதாகக் கேட்குமுன் காரணம் எழுதினால், பின்னால் அதிலேயே மாட்டிக்கொள்வோம் என்று நீதிபதி கேவனா 2024-ல் ஐடஹோ வழக்கு ஒன்றில் சொன்னார். நியாயமான கவலைதான். ஆனால் 2025 ஜூலையில், இடைக்கால உத்தரவு இறுதி முடிவு இல்லை என்றாலும் அதே மாதிரி வழக்குகளில் கீழமை நீதிமன்றங்கள் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றீர்கள். அடுத்த மாதமே, எங்கள் முடிவுகளை மீற உங்களுக்கு உரிமை இல்லை என்று நீதிபதி கோர்சச் கீழமை நீதிபதிகளைக் கண்டித்தார். உங்களைக் கட்டிப்போடக் கூடாத உத்தரவு அவர்களை மட்டும் எப்படிக் கட்டும்? என்ன காரணம் என்றே சொல்லாத உத்தரவை எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று அவர்கள் எதை வைத்துப் பிரிப்பார்கள்?

ஆகவே நான் கேட்பது பெரிய விஷயமில்லை. இடைக்கால உத்தரவு ஒவ்வொன்றோடும் ஒரு பக்கம் காரணம், யார் எந்தப் பக்கம் என்று பெயர்கள். முழு விசாரணைக்குப் பிறகு மனம் மாறினால் மாறிக்கொள்ளுங்கள், அதற்கும் ஒரு பத்தி எழுதுங்கள். நாளைக்கு ஹூஸ்டனிலோ எடிசனிலோ உச்சரிப்பை வைத்து ஆளை நிறுத்தினார்கள் என்று ஒரு வழக்கு வந்தால், அங்கே உட்கார்ந்திருக்கும் நீதிபதி உங்கள் மனதை ஊகிக்காமல் அந்த ஒரு பக்கத்தைப் படித்துத் தீர்ப்புச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
நியூ ஜெர்சியில் வாழும் ஒரு தமிழ்க் குடிமகள்