வெண்காரம் பாலைக் காப்பாற்றாது

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்காவது அணு உலை விபத்து என்று செய்தி வந்தால் போதும், கறவை மாடு வைத்திருப்பவர்களின் போனுக்கு ஒரு பட்டியலும் கூடவே வந்துவிடுகிறது. தீவனத்தில் வெண்காரம் (போராக்ஸ்) கலந்து கொடுங்கள், களிமண் கரைத்துக் கொடுங்கள், கடற்பாசிப் பொடி தூவுங்கள், சமையல் சோடா போடுங்கள், கதிர்வீச்சு பாலுக்கு வராது என்று. போன வாரம் உங்கள் பண்ணைப் பகுதியிலும் அதே பட்டியல் வந்திருந்தது. யாரிடமும் கேட்டுச் சரிபார்த்த மாதிரி தெரியவில்லை. இருபது வருடமாக மாடு கறப்பவன் நான், இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் என் நண்பர் ஒருவரின் கொட்டகையில் நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். இப்படி வந்த ஒரு குறிப்பை நம்பி அவர் தண்ணீர்த் தொட்டியில் வெண்காரத்தையும் களிமண் பொடியையும் கலக்கியிருந்தார். எவ்வளவு போடுவது என்று குறிப்பில் இல்லை, 'ஒரு கை' என்றுதான் இருந்தது. நான் போனது நான்காம் நாள். தொட்டியின் அடியில் விரல் கனத்துக்குச் சாம்பல் நிறச் சேறு. கன்று ஈன்று இரண்டு மாதமே ஆன பசு, மூக்கைத் தண்ணீர் வரைக்கும் கொண்டுபோய் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, குடிக்காமல் தலையைத் திருப்பிக்கொண்டது. வயிறு ஒட்டிக் கிடந்தது, அசை போடவில்லை, பால் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அந்தப் பாலில் கதிரியக்கம் இருந்ததா என்று கேட்டால், யாருமே அளந்து பார்க்கவில்லை.

வெண்காரம் இந்தப் பட்டியலுக்குள் எப்படி வந்தது என்பது எனக்குப் புரிகிறது. அதில் போரான் இருக்கிறது, போரான், அணுவைப் பிளக்கும் துகள்களான நியூட்ரான்களை விழுங்கும். அதனால்தான் 1986-ல் அன்றைய சோவியத் உக்ரைனின் செர்னோபில் அணு உலை எரிந்தபோது ஹெலிகாப்டரிலிருந்து போரான் சேர்மங்களைக் கொட்டினார்கள், 2011-ல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலைகளில் கடல்நீரோடு போரிக் அமிலத்தைச் செலுத்தினார்கள். அதெல்லாம் உலைக்குள் அணுப்பிளவு மறுபடி தொடங்காமல் இருக்கச் செய்த வேலை. மேய்ச்சல் நிலத்தில் வந்து விழுவது நியூட்ரான் இல்லை. அயோடின் 131, சீசியம் 134, சீசியம் 137 போன்ற கதிரியக்கத் தனிமங்கள் தூசியாகவும் மழையோடும் புல்லில் இறங்குகின்றன, மாடு புல்லோடு சேர்த்துத் தின்கிறது. வயிற்றுக்குள் போன சீசியத்தைப் போரான் பிடித்து நிறுத்தாது, அயோடினையும் நிறுத்தாது. அளவு கூடினால் மாடு தீவனத்தைக் குறைக்கும், எடை இறங்கும், அவ்வளவுதான் அதனால் நடக்கும்.

சமையல் சோடா கதையும் ஏறக்குறைய இதுதான். யுரேனியம் உடலுக்குள் போன மனிதர்களின் சிறுநீரகத்தைக் காக்க மருத்துவர்கள் அதைப் பயன்படுத்துவதுண்டு. பால் விஷயத்தில் கவலைப்பட வேண்டியது யுரேனியத்தைப் பற்றி அல்ல.

கடற்பாசிதான் எனக்கு அதிகப் பயம் தருகிறது, ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. மனிதர்களுக்கு உரிய நேரத்தில், உரிய அளவில் சாதாரண அயோடின் கொடுத்தால் தைராய்டு நிரம்பிவிடும், கதிரியக்க அயோடின் உள்ளே போக இடமிருக்காது. 1986-ல் போலந்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அப்படிக் கொடுத்தார்கள். சரி, அதையே மாட்டுக்கும் கொடுத்தால் என்ன என்று தோன்றும். மாட்டின் மடியும் அயோடினை இழுக்கும், கொடுத்ததில் ஒரு பங்கு நேராகப் பாலுக்கு வந்துவிடும். பாலில் கதிரியக்க அயோடின் குறைய வேண்டுமென்றால் மிக அதிக அளவு கொடுக்க வேண்டியிருக்கும், அந்தப் பாலைக் குடிக்கும் கைக்குழந்தைக்குத் தேவைக்கு மீறிய அயோடின் போகும், அது தைராய்டைக் கெடுக்கும். கடற்பாசிப் பொடியிலோ அயோடின் எவ்வளவு என்பது வகைக்கு வகை மாறுகிறது. அளவு தெரியாத ஒன்றைக் கண் மதிப்பில் தூவி, அந்தப் பாலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்ல எப்படி மனம் வருகிறது?

களிமண்ணைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். பெண்டோனைட் என்ற களிமண், சியோலைட் என்ற கனிமம் இரண்டும் குடலில் சீசியத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், பொய்யில்லை. ஆனால் பலன் தெரிய ஒரு மாட்டுக்குத் தினமும் சில நூறு கிராம் போக வேண்டும், வேறு சத்துக்களையும் அது பிடித்துக்கொள்ளும், அயோடினை ஒன்றும் செய்யாது. சீசியத்துக்கு உண்மையிலேயே வேலை செய்வது நீலச் சாயமாகவும் பயன்படும் பிரஷ்யன் ப்ளூ வகை உப்பு. ஒரு பசுவுக்கு நாளைக்கு 3 கிராம் அளவே போதும், பாலில் சீசியம் பல மடங்கு குறையும். செர்னோபிலுக்குப் பிறகு நார்வேயில் அதைத் தீவனத்திலும் உப்புக் கட்டியிலும் சேர்த்தார்கள், பெலாரஸ், உக்ரைன், ரஷ்யாவிலும் பல வருடங்கள் கொடுத்தார்கள். மண்ணை அளந்து, பாலை அளந்து, கால்நடை மருத்துவர்கள் கண்காணிப்பில் கொடுத்தது அது. மாசு இருக்கிறதா என்றே தெரியாத கொட்டகையில் அதற்கும் வேலையில்லை.

இதையெல்லாம் விடப் பெரிய மருந்து ஒன்று இருக்கிறது, உங்கள் பட்டியலில் அதைக் காணோம். மாட்டை மேய்ச்சலிலிருந்து கொட்டகைக்குக் கொண்டுவந்து, விபத்துக்கு முன்பே அறுத்து மூடிவைத்த தீவனத்தைப் போடுவது. அயோடின் 131-ன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 8 நாள். 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். 1957 அக்டோபரில் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேலில் உலை தீப்பிடித்தபோது சுமார் 500 சதுர கிலோமீட்டர் பரப்பில் கறந்த பாலைச் சில வாரங்கள் கொட்டிவிட்டார்கள். மனசுக்குக் கஷ்டமான காரியம், கறந்த பாலைக் கொட்டுகிறவனுக்குத்தான் அது தெரியும். ஆனாலும் சரியான காரியம். செர்னோபில் சுற்றுவட்டாரத்தில் உடனே யாரும் எச்சரிக்கவில்லை, வீட்டு மாட்டுப் பாலைக் குழந்தைகள் வழக்கம்போலக் குடித்தார்கள். பெலாரஸ், உக்ரைன், ரஷ்யாவின் பாதிக்கப்பட்ட பகுதிகளில், அப்போது பிள்ளைகளாக இருந்தவர்களில் 2005 வரை 6,000-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டது, அதில் கணிசமான பங்கு அந்தப் பாலால் வந்தது. விபத்துக்கு முன்பே செய்த பால் பவுடரை இரண்டு மூன்று மாதங்களுக்குக் கொடுத்திருந்தால் எத்தனையோ பிள்ளைகள் தப்பியிருப்பார்கள். எனக்கு ஆறாதது இதுதான்.

தீவனத்தை மூடிவைப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஜப்பானே சாட்சி. 2011-ல் வெட்டவெளியில் கிடந்த வைக்கோலில் சீசியம் படிந்தது, அது தெரியாமல் மாடுகளுக்குப் போட்டார்கள், ஜூலையில் மாட்டிறைச்சியில் வரம்பை மீறிய சீசியம் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு தார்ப்பாய் செய்கிற வேலையை எந்தப் பொடியும் செய்யாது.

அப்புறம், பாலைக் காய்ச்சினால் போய்விடும் என்றும் ஒரு வரி போட்டிருந்தீர்கள். போகாது. காய்ச்சினால் கிருமிதான் சாகும், சீசியம் அப்படியே இருக்கும், தண்ணீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகும்.

பயத்துக்கும் அளவு வேண்டுமே. 2011 மார்ச்சில் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் எடுத்த பாலில் அயோடின் 131 கண்டுபிடிக்கப்பட்டது என்று பெரிய பதற்றம். இருந்தது லிட்டருக்கு 0.03 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு), அந்த நாடு வைத்திருந்த வரம்பில் ஐயாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எந்த விபத்தும் நடக்காத காலத்திலும், இயற்கையான பொட்டாசியத்தால் ஒரு லிட்டர் பாலில் சுமார் 50 பெக்கரல் இருக்கத்தான் செய்கிறது. கையடக்கக் கருவியைப் பால் கேன் பக்கத்தில் நீட்டினால் இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது, அதற்கு எந்தக் கதிரியக்கத் தனிமம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் காமா நிறமாலைக் கருவி ஆய்வகத்தில் வேண்டும். தீவனம் விற்கிறவரிடம் கேட்பதற்கு முன்னால் அளந்து சொல்கிறவரிடம் கேட்க வேண்டும், உங்கள் நிருபர்களும் அவர்களிடம்தான் பேசியிருக்க வேண்டும்.

நண்பரின் பசு தேறிவிட்டது. தொட்டியைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவி, வெறும் தண்ணீர் விட்டோம், நிறுத்தாமல் குடித்தது. பால் பழைய அளவுக்கு வர மூன்று வாரம் ஆனது. உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு இன்று எத்தனை தொட்டிகளில் வெண்காரம் கரைந்துகொண்டிருக்கிறதோ தெரியவில்லை. அதே பண்ணைப் பகுதியில், அதே அளவு எழுத்தில், அதை நிறுத்தச் சொல்லி நாளைக்கே ஒரு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பால் பண்ணையாளர்